கண்டா ஆறு: டோக்கியோவின் நடுவே ஓடும் சிற்றாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் ஓச்சனோமிசு நிலையத்தில் ரயில் நிற்கும்போது, சன்னலுக்கு வெளியே ஆழமான பள்ளத்தில் பாசிப்பச்சை நிறத்தில் தண்ணீர் தெரியும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இது ஆறா, சாக்கடையா?" என்றுதான். ஆறுதான். கண்டா ஆறு என்று பெயர். ஜப்பானியர் 'கண்டாகாவா' என்பார்கள்; 'காவா' என்றால் ஆறு. இதன் கரையோரம் பலமுறை நடந்தவன் என்ற முறையில், நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நீளம் எவ்வளவு?

மேற்கே மிட்டாகா நகரில் உள்ள இனோகாஷிரா குளத்தில் தொடங்குகிறது. கிழக்கே யனாகிபாஷி என்ற இடத்தில் சுமிடா ஆற்றில் கலக்கிறது. நீளம் 24.6 கிலோமீட்டர். துணையாறுகளையும் சேர்த்து 105 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைநீர் இதில் வந்து வடிகிறது. ஆரம்பம் முதல் முடிவு வரை டோக்கியோவுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும் ஆறு இது. வழியில் சுகினாமி, நகானோ, ஷின்ஜுகு, பங்க்யோ, சியோடா என்று பல வட்டங்களைத் தொட்டுப் போகிறது. மேலே சுமார் 140 பாலங்கள் இருக்கின்றன. ஷின்ஜுகு வானளாவிகளின் பின்புறத்தில் யோடோபாஷி என்றொரு பாலம் உண்டு. மின்னணுப் பொருள் வாங்கப் போகிற யோடோபாஷி கேமரா கடையின் பெயர் அந்தப் பகுதியிலிருந்து வந்ததுதான்.

ஆறு தொடங்கும் இடத்தைப் பார்க்க முடியுமா?

கட்டாயம் பாருங்கள். ஒரு பெருநகர ஆறு பிறக்கும் இடத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அபூர்வம்.

கிச்சிஜோஜி நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் இனோகாஷிரா பூங்கா. 1917இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குளத்தின் கிழக்கு முனைக்குப் போனால் சுய்மோன்பாஷி என்ற சின்னப் பாலம். அதன் பெயருக்கு 'மதகுப் பாலம்' என்று பொருள். கண்டா ஆறு இங்கேதான் தொடங்குகிறது என்று அருகில் ஒரு பலகை சொல்லும். பாலத்தைத் தாண்டியதும் தண்ணீர் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடும். கணுக்கால் நனையும் ஆழம். நடுவில் தாண்டிப்போகக் கற்கள் போட்டிருப்பார்கள். கோடையில் சின்னப் பிள்ளைகள் வலையும் வாளியுமாக அதில் இறங்கி நிற்பார்கள். சற்றுத் தள்ளி இனோகாஷிரா ரயில் பாதை ஆற்றின் தலைக்கு மேலே போகும். ரயில் கடக்கும் சத்தம் அடங்கியதும் கல்லிடுக்கில் தண்ணீர் சலசலப்பது மறுபடியும் கேட்கத் தொடங்கும். கீழே ஓச்சனோமிசுவில் பாறை போல அசையாமல் கிடக்கும் அந்தப் பச்சை நீரின் குழந்தைப் பருவம் இது என்று நினைத்துப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

குளத்தின் மேற்கே ஒரு சிவப்பு நிறக் கோயில் உண்டு. அங்கே இருப்பவள் பென்சைட்டென். பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பானுக்குப் போன நம் சரஸ்வதிதான் அவள். வேதத்தில் சரஸ்வதி ஆற்றின் பெயர். ஜப்பானில் அவளுக்குக் குளத்தின் நடுவிலும் நீர்க்கரையிலும் கோயில் எடுப்பது வழக்கம். ஊற்றுக்கண்ணில் அவளை உட்காரவைத்தவர்களுக்கு அவள் யார் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. காதலர்கள் இந்தக் குளத்தில் படகு விட்டால் அவள் பொறாமைப்பட்டுப் பிரித்துவிடுவாள் என்றும் உள்ளூரில் சொல்வார்கள்.

பக்கத்தில் மலையே இல்லையே, ஊற்று எப்படி வந்தது?

டோக்கியோவின் மேற்குப் பாதி முசாஷினோ மேட்டுநிலத்தின் மேல் இருக்கிறது. பழங்காலத்தில் டாமா ஆறு மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து விசிறி போலப் பரப்பிய சரளைக்கல் அடியில் கிடக்கிறது. அதற்கு மேலே ஃபூஜி, ஹகோனே எரிமலைகளின் சாம்பல் படிந்து உண்டான செம்மண். பெய்யும் மழை செம்மண்ணில் இறங்கி, சரளை அடுக்கில் தேங்கி, கிழக்கு நோக்கி மெல்ல நகரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் நிலம் தாழ்கிற இடங்களில் அந்த நீர் வெளியே கசிகிறது. இனோகாஷிரா குளம், ஜென்புகுஜி குளம், ஷாகுஜி பூங்காவின் சன்போஜி குளம் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரிசையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த 50 மீட்டரை இந்த ஆறு 24.6 கிலோமீட்டர் ஓடி இறங்குகிறது. அதாவது கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர். மெதுவாகத்தான் போகிறது. ஆனாலும் மேட்டுநிலத்தை அறுத்து ஒரு பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. தகாதானோபாபா பக்கம் ஆற்றங்கரையிலிருந்து வடக்கே ஏறிப் பாருங்கள், மூச்சு வாங்கும் சரிவுகள் இருக்கின்றன. வரைபடம் சமதளமாகக் காட்டுகிற டோக்கியோவின் மேடுபள்ளம் கால்களுக்குத்தான் புரியும்.

குளத்துக்கு இப்போதும் ஊற்றுநீர்தான் வருகிறதா?

பெரும்பாலும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஊற்றுகள் வற்றிவிட்டன. சுற்றிலும் வீடுகளும் தார்ச்சாலைகளும் நிறைந்ததால் மழை மண்ணில் இறங்க இடமில்லை. ஆழ்துளைக் கிணறுகள் வேறு நிலத்தடி நீரை இழுத்தன. அதன்பின் நிலத்தடியிலிருந்து இறைத்துத்தான் குளத்தை நிரப்புகிறார்கள். சென்னையில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஊற்று செத்துப்போகவில்லை. 2004 அக்டோபரில் புயல் மழை கொட்டியபோது ஊற்றுகள் மீண்டும் சுரந்து, குளம் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்தது. 2014இலிருந்து மூன்று தடவை குளத்தை முழுக்க வடித்து, சேற்றை வெயிலில் காயப்போட்டார்கள். ஜப்பானில் விவசாயக் குளங்களுக்குச் செய்கிற பழைய வழக்கம் இது, 'காய்போரி' என்பார்கள். நம் ஊரில் கோடையில் கண்மாயைத் தூர்வாருவதற்கு உறவுமுறை. சேற்றுக்குள்ளிருந்து மிதிவண்டிகள் குவியலாக வந்தன. அதைவிட முக்கியமாக, 1957இல் இந்தக் குளத்தில் கண்டறியப்பட்டு, பிறகு இங்கே காணாமலே போன இனோகாஷிரா ஃபுராசுகோமோ என்ற நீர்ப்பாசித் தாவரம் 2016இல் திரும்ப முளைத்தது. சேற்றுக்குள் அறுபது வருஷம் வித்தாகவே காத்துக் கிடந்திருக்கிறது.

வழியில் என்ன ஆறுகள் வந்து சேர்கின்றன?

இரண்டு முக்கியமானவை. நகானோவில் ஜென்புகுஜி ஆறு. அடுத்து, தகாதானோபாபா பக்கம் மியோஷோஜி ஆறு. இவையும் குளத்து ஊற்றில் பிறந்தவையே. மியோஷோஜி வந்து கலக்கும் பகுதிக்கு 'ஓச்சியாய்' என்று பெயர். நீர்கள் கூடும் இடம் என்று பொருள். நம் கூடுதுறை மாதிரி.

ஓச்சியாய்க்கு இன்னொரு வரலாறு உண்டு. சாயத் தொழிலுக்கு ஓடும் சுத்தமான நீர் வேண்டும். கீழ்ப்பகுதியில் ஆறு அழுக்காக ஆக, சாயக்காரர்கள் நீரைத் தேடி ஆற்றோடு மேலேறி வந்து இங்கே பட்டறை போட்டார்கள். அச்சிட்ட துணியை ஆற்றில் இறங்கி அலசுவது 1960கள் வரை நடந்தது. இப்போது பட்டறைக்குள் தொட்டியில் அலசுகிறார்கள். இங்கே செய்யும் ஒரு வகை அச்சுத்துணிக்கு 'எடோ சரசா' என்று பெயர். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். சரசா என்பது ஐரோப்பிய வணிகர்கள் கப்பலேற்றிக்கொண்டு போன இந்தியச் சாய அச்சுத்துணிகளுக்கு ஜப்பானில் வழங்கிய பெயர். அவற்றில் நம் சோழமண்டலக் கரைத் துணிகளும் உண்டு. கண்டா ஆற்றங்கரையில் ஒரு பட்டறையில் தொங்கும் துணியில் நம் பூக்கொடி வேலைப்பாட்டின் சாயல் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எடோகாவாபாஷி நிலையம் எடோகாவா வட்டத்தில் இல்லையே, ஏன்?

எடோகாவா வட்டத்தில் நிஷி கசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது குழம்பும் விஷயம். அவர்கள் குடியிருக்கும் அந்த வட்டத்துக்குப் பெயர் கொடுத்தது கிழக்கே சிபா எல்லையில் ஓடும் பெரிய எடோ ஆறு. எடோகாவாபாஷி நிலையம் இருப்பது பங்க்யோ வட்டத்தில்.

கண்டா ஆற்றுக்கு முன்பு மூன்று பெயர்கள் இருந்தன. மேல்பகுதிக்குக் கண்டா ஜோசுய், அதாவது கண்டா குடிநீர்க் கால்வாய். செகிகுச்சியிலிருந்து ஈடாபாஷி பக்கம் வரை எடோகாவா. அதற்குக் கீழேதான் கண்டா ஆறு. 1964இல் புதிய ஆற்றுச் சட்டம் வந்தபின், 1965இல் முழு நீளத்துக்கும் கண்டா ஆறு என்ற ஒரே பெயரை வைத்தார்கள். பழைய பெயர் பாலத்திலும் நிலையத்திலும் தங்கிவிட்டது.

இந்தத் தண்ணீரையா குடித்தார்கள்?

ஆமாம். எடோ நகரம் எழுந்ததே இந்தத் தண்ணீரை நம்பித்தான். பின்னாளில் ஷோகுன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆன தொக்குகாவா இயேயாசு 1590இல் எடோவுக்கு வந்தபோது ஊர் கடலோரச் சதுப்பு. கிணறு தோண்டினால் உப்புக் கரித்தது. ஓகுபோ தோகோரோ என்பவரிடம் குடிநீருக்கு வழி பார்க்கச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கண்டா ஜோசுய். செகிகுச்சியில் ஆற்றின் குறுக்கே கல்லணை போட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, ஒரு பங்கைக் கால்வாயில் திருப்பினார்கள். செகிகுச்சி என்றாலே 'அணை வாய்' என்றுதான் பொருள். அந்தக் கால்வாய் மிட்டோ பிரபுவின் மாளிகைக்குள் புகுந்து, பிறகு மரத்தொட்டிப் பாலம் வழியாகக் கண்டா ஆற்றையே மேலே கடந்து, நகரத்துக்குள் மண்ணுக்கடியில் குழாய்களாகப் பிரிந்தது. குடிநீர் ஆற்றைத் தாண்டிய அந்த இடத்துக்குப் பக்கத்துப் பாலம்தான் சுய்டோபாஷி, 'குடிநீர்வழிப் பாலம்'. மாளிகைத் தோட்டம் இன்று கொய்ஷிகாவா கொராகுஎன். யாரும் போய்ப் பார்க்கலாம்.

ஹைக்கூ கவி மட்சுவோ பாஷோ 1677 முதல் 1680 வரை இந்தக் குடிநீர்க் கால்வாயின் வேலையில் இருந்தார். அவர் தங்கியிருந்த இடம் என்று சொல்லப்படும் குடில் செகிகுச்சிச் சரிவில் இருக்கிறது. நகரத்துக்கான குடிநீர் விநியோகம் 1901இல் நின்றது.

ஓச்சனோமிசு பள்ளத்தாக்கு இயற்கையானதா?

இல்லை. மனிதர்கள் வெட்டியது. இந்த ஆற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாளில் இந்த நீர் ஹிராகாவா என்ற பெயரில் தெற்கே திரும்பி, இன்றைய அரண்மனையின் பக்கமாக ஓடி, ஹிபியா என்ற கடல் வளைகுடாவில் விழுந்தது. இன்று ஹிபியாவில் கடலே இல்லை. இயேயாசு காலத்திலேயே கண்டா குன்றின் மண்ணை வெட்டிக்கொண்டு போய்க் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். கோட்டையையும் ஊரையும் வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வேண்டும், வடக்கே ஓர் அகழியும் வேண்டும். ஆகவே ஆற்றைத் தெற்கே விடாமல் கிழக்கே திருப்ப முடிவு செய்தார்கள். குறுக்கே குன்று நின்றது. சென்டாய் பிரபு டாட்டே மசமுனேயிடம் வேலை ஒப்படைக்கப்பட்டு, 1620 வாக்கில் குன்று இரண்டாகப் பிளக்கப்பட்டது. 1660இல் அதே பிரபுவம்சம் அதைப் படகு போகும் அளவுக்கு அகலமாக்கத் தொடங்கியது. அதனால் இதற்குச் 'சென்டாய் அகழி' என்றும் பெயர். தெற்கே துண்டாகி நின்ற பாதிதான் சுருகாடாய் மேடு. வடபாதி ஹொங்கோ, யுஷிமா.

ஹிஜிரிபாஷி பாலத்தின் மேலே நின்று கீழே பாருங்கள். 1927இல் கட்டிய வளைவுப் பாலம். வடக்கே கன்ஃபூசியஸ் ஆலயம், தெற்கே நிக்கொலாய் கிறித்தவப் பேராலயம். இரண்டு புனித இடங்களை இணைப்பதால் இந்தப் பெயர். ஒரு கரையோரம் ஆரஞ்சுப் பட்டை ரயிலும் மஞ்சள் பட்டை ரயிலும் வந்து போகும். திடீரென்று ஒரு சரிவின் பொந்திலிருந்து மருனோஉச்சி சுரங்க ரயில் வெளிவந்து, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஆற்றைக் கடந்து, எதிர்ச் சரிவின் பொந்தில் நுழைந்து மறையும். சுரங்க ரயில் எப்படி வெட்டவெளிக்கு வந்தது? அது நிலத்தடியில் நேராகத்தான் வந்தது. நிலத்தைத்தான் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

'ஓச்சனோமிசு' என்றால் தேநீருக்கான தண்ணீர். இங்கிருந்த ஒரு கோயில் ஊற்றின் நீரை இரண்டாம் ஷோகுன் ஹிடெடாடாவுக்குத் தேநீர் போடக் கொடுத்ததால் வந்த பெயர். ஆற்றை வெட்டி அகலமாக்கியதில் அந்த ஊற்று போய்விட்டது. இனோகாஷிரா குளத்திலும் இதே பெயரில் ஓர் ஊற்றிடம் உண்டு. அங்கே தேநீர் குடித்து மகிழ்ந்தவர் இயேயாசு என்பார்கள்.

அப்படியானால் நிஹோன்பாஷி ஆறு?

பழைய ஹிராகாவாவின் மிச்சம் அதுதான். ஈடாபாஷிக்கும் சுய்டோபாஷிக்கும் நடுவே கண்டா ஆற்றிலிருந்து பிரிகிறது. ஆற்றைத் திருப்பியபோது இந்த வாயை அடைத்துவிட்டார்கள்; 1903இல் மறுபடி வெட்டித் திறந்தார்கள். 4.8 கிலோமீட்டர் போய்ச் சுமிடாவில் சேர்கிறது. 1964 ஒலிம்பிக்குக்காக இதன் தலைக்கு மேலேயே விரைவுச்சாலையைக் கட்டினார்கள். 1911இல் கட்டிய அழகான நிஹோன்பாஷிக் கற்பாலம் அதன் நிழலில் கிடக்கிறது. சாலையை நிலத்தடிக்கு இறக்கும் வேலை நடந்துவருகிறது. 2040 வாக்கில் அந்தப் பாலம் வானம் பார்க்கும்.

ஏன் இவ்வளவு உயரமான கான்கிரீட் சுவர்கள்? ஆற்றை இப்படியா வைப்பது?

இந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சுவருக்கு வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொண்ட வயல்கள் அவை. 105 சதுர கிலோமீட்டரும் கூரையும் தாரும் ஆகிவிட்டதால், பெய்த மழை உடனே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. இதன் சுவர்கள் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் போட்டவை. 2005 செப்டம்பர் 4ஆம் தேதி சுகினாமியில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. துணையாறுகள் கரை மீறின.

அகலப்படுத்த இடமில்லாததால் ஆழத்துக்குப் போனார்கள். 7ஆம் வட்டச்சாலைக்கு அடியில், சுமார் 40 மீட்டர் ஆழத்தில், 12.5 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுரங்கம் 4.5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 5,40,000 கன மீட்டர் வெள்ளம் பிடிக்கும். வேலை செய்யும் விதம் நம் ஏரிக் கலிங்கு போலத்தான். ஆற்றுச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் தாழ்வாக இருக்கும். வெள்ளம் அந்த மட்டத்தை எட்டியதும் தானாக வழிந்து, கிணறு போன்ற குழிக்குள் விழுந்து சுரங்கத்துக்குப் போகும். மழை ஓய்ந்து ஆறு தணிந்தபின் இறைத்து ஆற்றிலேயே விடுவார்கள்.

பலன் உண்டா? 1993 ஆகஸ்டு புயலில் 288 மில்லிமீட்டர் மழை. வெள்ளம் புகுந்த வீடுகள் 3,117. 2004 அக்டோபர் புயலில், இனோகாஷிரா ஊற்றைத் தட்டி எழுப்பிய அதே மழைக்காலத்தில், 284 மில்லிமீட்டர். வெள்ளம் புகுந்தவை 46 மட்டுமே. இடையில் 1997இல் சுரங்கத்தின் முதல் பகுதி வேலைக்கு வந்திருந்தது. மணிக்கு 75 மில்லிமீட்டர் மழையைத் தாங்குவது என்று இலக்கை உயர்த்தி, இந்தச் சுரங்கத்தை வடக்கே நீட்டி வேறொரு ஆற்றின் சுரங்கத்தோடு இணைக்கிறார்கள். முடிந்தால் மொத்தம் 13.1 கிலோமீட்டர். ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெய்யாத மழைக்கான காலி இடத்தைப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு அப்போது கடன் கொடுக்கலாம்.

நாற்றம் அடிக்குமா? மீன் உண்டா?

மழை விட்ட மறுநாள் கீழ்ப்பகுதியில் சில நேரம் அடிக்கும். கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் போகும் பழைய ஏற்பாடு என்பதால், கனமழையில் வழிவது ஆற்றுக்கு வந்துவிடும். மற்ற நாட்களில் பரவாயில்லை. 1960களில் இருந்த நிலையோடு ஒப்பிடவே முடியாது.

இன்னொரு செய்தி சிலருக்கு முகம் சுளிக்க வைக்கும். எனக்கு நம்பிக்கை தரும். நடுப்பகுதிக்குக் கீழே ஓடும் நீரில் பெரும்பங்கு ஓச்சியாய் சுத்திகரிப்பு நிலையம் சுத்தம் செய்து விடும் கழிவுநீர். 1964இல் தொடங்கியது. 1995இலிருந்து ஷிபுயா ஆற்றுக்கும், செர்ரிப் பூவுக்குப் பேர்போன மெகுரோ ஆற்றுக்கும் நீர் போவது இங்கிருந்துதான். 1990களின் தொடக்கத்தில், கடலிலிருந்து ஏறிவரும் அயு மீன் கண்டா ஆற்றில் மறுபடி தென்பட்டது. தெளிந்த ஓட்டம் இல்லாத இடத்தில் அயு வராது.

நடந்து பார்க்க எது நல்ல பகுதி?

சுகினாமியில் ஆற்றோடு ஒட்டியே நடைபாதை போகிறது. முதலில் அதை நடங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் என்றால் ஓமோகாகேபாஷியிலிருந்து எடோகாவாபாஷி வரை. இருபக்கச் செர்ரி மரங்களும் சுவரைத் தாண்டி நீர் மேல் சாய்ந்து கிடக்கும். உதிர்ந்த இதழ்கள் பாய் விரித்த மாதிரி மிதந்து போவதை 'பூத்தெப்பம்' என்கிறார்கள். சுய்டோபாஷிக்குக் கீழே கரைவழி அநேகமாக இல்லை. கட்டடங்கள் முதுகைக் காட்டி நிற்கும்; பாலத்துக்குப் பாலம் போய் எட்டிப்பார்க்க வேண்டியதுதான்.

கடைசியில் எப்படி முடிகிறது?

ஈடாபாஷிக்குக் கீழே கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதி. ஓதம் ஏறும் வேளையில் ஆறு நின்றுவிட்டது போலிருக்கும், சில சமயம் மேல்நோக்கி நகர்வது போலவும் தோன்றும். அகிஹபாராவைத் தாண்டி, 1929இல் கட்டிய பச்சை நிற யனாகிபாஷி. விருந்துகளில் ஆடிப்பாடும் கலைப்பெண்களான கெய்ஷாக்களின் தெரு ஒரு காலத்தில் இங்கே இருந்தது. பாலத்தின் கைப்பிடியில் கொண்டை ஊசி உருவங்கள் பதித்திருப்பார்கள். இருபக்கமும் கூரை போட்ட விருந்துப் படகுகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பாலத்தின் கிழக்குப் பக்கம் போய் நின்றால் பத்தடி தூரம் போலத் தெரியும் இடத்தில் சுமிடா அகலமாகக் கிடக்கும். ஒரு மாலை நான் அங்கே நின்றபோது ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு மூங்கில் இலை படகுகளுக்கு நடுவே திரும்பித் திரும்பி வந்து, வாயைத் தாண்டியதும் சட்டென்று வேகம் பிடித்துத் தெற்கே கடல் பக்கம் போயிற்று.